ஒரே சாவி

"வெளியே அனுப்பாதீங்க டீச்சர். நிக்கட்டும். பிள்ளைங்க எழுதுன லெட்டரைத் திருடுன முகத்தை நானும் பார்க்கணும்" என்றார் சட்டமன்ற உறுப்பினர்.

ஆயா நின்றாள். கையில் துடைப்பம். பாதி வராந்தாவைப் பெருக்கியிருந்தவளை அப்படியே தலைமை ஆசிரியை அறைக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

மேஜைமேல் கம்ப்யூட்டர். திரையில் பாதியில் நிறுத்திய கேமராப் படம்: இதே அறையின் வெளிச்சுவர், அதில் பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி. நேரம் மாலை ஐந்தேகால். பெட்டிமுன் முதுகு காட்டி நிற்கிற ஆயா. அவள் கை பெட்டியின் வாயருகே.

"நாளைக்கு விழாவுல போட கேமராவுல படம் தேடினேன் சார். இது மாட்டுச்சு. ரெண்டு மாசத்துல பதினொரு நாள்." தலைமை ஆசிரியை திரையைக் காட்டினார்.

விழா நோட்டீஸ் மேஜையிலேயே அடுக்கிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு புகார்ப் பெட்டி, வராந்தாவுக்கு ஒரு கேமரா, பிள்ளைகள் மனநலத்துக்கு ஓர் ஆலோசகர். மூன்றும் அவர் சட்டசபையில் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தவை. கீழே சிவப்பு எழுத்தில், 'ஒரு வருடம். ஒரு புகார்கூட இல்லை.'

ஆலோசகர் என்று நோட்டீஸ் சொன்ன ஆள், மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பல்கலைக்கழக மாணவி. வாரத்தில் இரண்டு நாள் வருவாள். ஆலோசனை அறை என்பது உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கிற அறை. பள்ளியில் அவளுக்குப் பெயர், கவுன்சலிங் பொண்ணு.

"சார், கேமராவுக்கு நேர் கீழே பெட்டியை மாட்டியிருக்கீங்க. எந்தப் பிள்ளை வந்து போடும்? ஒன்றரை மாசமா இதையேதான் சொல்றேன்" என்றாள் அவள்.

"ஏம்மா, நீ இங்க வேலை பார்க்க வந்தியா, பட்டிமன்றம் நடத்த வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைப் பாரு. அந்தப் பெட்டிக்கு ஒரே சாவி. டீச்சர்கிட்டகூடக் குடுக்கலை. மாசாமாசம் முதல் திங்கட்கிழமை நானே வந்து, நானே திறந்து, நானே ரிஜிஸ்டர்ல எழுதறேன். அந்த நேரத்துக்குக் கேமராவைக்கூட அணைக்கச் சொல்லிடுவேன். பிள்ளைங்க ரகசியம் பாரு. ஸ்கூல் வேனைக்கூடக் கண்டவன்கிட்ட விடலை, என் மச்சானையே ஓட்டச் சொல்லியிருக்கேன். இதுக்கு மேல என்னம்மா பாதுகாப்பு வேணும்?"

கவுன்சலிங் பொண்ணுக்குக் கோபம் வந்தது. அது ஆயாமேல் திரும்பியது.

"பிள்ளைங்க எங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்லை. உங்க முந்தானையைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அதுங்க எழுதினதைப் போய் எடுக்க உங்களுக்கு எப்படி ஆயா மனசு வந்துச்சு?"

ஆயா தரையைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லு ஆயா" என்றார் தலைமை ஆசிரியை. "பதினாறு வருஷ வேலை. இப்ப நீ பேசலைன்னா நான் எதுவும் செய்ய முடியாது."

"புள்ளைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் டீச்சர். சொல்ல முடியாது."

"எந்தப் பிள்ளை?" சட்டமன்ற உறுப்பினரின் குரல் சட்டென்று இறங்கியது.

ஆயா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"சரி, போலீஸ்ல சொல்லிக்கட்டும். போன திங்கட்கிழமை திறந்தேன், தூசியைத் தவிர ஒண்ணுமில்லை. ஏன்னு இப்பத்தானே புரியுது. டீச்சர், அதை அணைச்சிட்டு வேலையை விட்டு நிறுத்தினதா எழுதுங்க."

"இருங்க சார், முழுசாப் பார்த்துடலாம்." கவுன்சலிங் பொண்ணு எழுந்து வந்தாள்.

"பார்த்தது போதும்."

"திருடறதைத்தானே சார் பார்க்கப் போறோம்?" அவள் மௌஸைத் தட்டிவிட்டாள்.

திரையில் ஆயா இரண்டு பக்கமும் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு மடித்த காகிதத்தை எடுத்தாள். பெட்டிக்குள் தள்ளினாள். வெறுங்கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் படமும் அதேதான். அதற்கடுத்ததும்.

கவுன்சலிங் பொண்ணு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இவங்க எடுக்கலை டீச்சர். போடறாங்க."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல ஆயா நிமிர்ந்தாள்.

"கேமரா பாக்குதுன்னு அந்தப் புள்ளைக்குப் பயம். எழுதி என் கையில குடுக்கும். எல்லாரும் போனப்புறம் நான் போடுவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. வேன் மாமாவைப் பத்தின்னு மட்டும் சொல்லிச்சு. இப்ப வேன்ல ஏறறதே இல்லை, அவ்வளவு தூரம் நடந்துதான் வருது. வாராவாரம் வந்து கேக்கும், ஆயா, பதில் வந்துச்சான்னு. பெரியவங்க படிச்சிக்கிட்டு இருப்பாங்க கண்ணு, வரும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

தலைமை ஆசிரியை ரிஜிஸ்டரைத் திறந்தார். போன மாதம், எதுவுமில்லை. இந்த மாதம், எதுவுமில்லை. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து.

"பதினொண்ணு போட்டிருக்கா சார்" என்றார் மெதுவாக.

"படிக்கத் தெரியாதவ பேச்சை நம்பிக்கிட்டு..." என்றபடி சட்டமன்ற உறுப்பினர் எழுந்தார். கை, பேச்சோடு பேச்சாக மேஜைப் பக்கம் போனது.

அதற்குள் தலைமை ஆசிரியையின் உள்ளங்கை சாவியை மூடியிருந்தது. இன்னொரு கை போனை எடுத்தது.

"ஒரே சாவின்னுதானே சார் சொன்னீங்க?"