மாமனாருக்கு வந்த தொற்று

"மாமா திடீர்னு வேற ஆளாப் பேசுறார், டாக்டர்," என்றாள் மருமகள்.

கட்டிலில் கிழவர் காய்ச்சலில் அரைமயக்கமாகக் கிடந்தார். பெரிய டாக்டர், பின்னால் நின்ற பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிறுநீர்த் தொற்று. பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது. வயசானவங்களுக்கு இது புத்தியையே கலக்கிடும். வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க."

"இல்ல டாக்டர், இவர் என்னை..."

"என்ன சொன்னார்னு இவங்க முன்னாடி சொல்ல வேண்டாம்மா, புரியுது. மருந்து ஏறட்டும், தங்கமா மாறிடுவார்."

காய்ச்சல் விட்ட அன்று டாக்டர் தன் பரிவாரத்தோடு வந்தார். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாருடா இந்தத் தடியன்? ஏய் மூதேவி, இந்தப் பாலை நாய் குடிக்குமா?" டம்ளர் பறந்து மருமகளின் காலடியில் விழுந்தது.

டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. "மருந்து கேக்கல. இன்னும் வீரியமானதாப் போடணும்."

"நல்லாவே கேட்டுடுச்சு டாக்டர். இவர் எப்பவுமே இப்படித்தான்," என்று டம்ளரை எடுத்தாள் மருமகள். "காய்ச்சல்லதான் 'நீ சாப்பிட்டியாம்மா'ன்னு என்னைக் கேட்டார். வீடே பயந்துபோய்த் தூக்கிட்டு வந்தோம்."

பயிற்சி டாக்டர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தொற்று மறுபடி வர வாய்ப்பு இருக்கா, டாக்டர்?"