அரை அங்குலம்

"மூட்டை மாதிரி என்னை நிறுத்துப் பாக்கறதுக்கா வந்தேன்?"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்த எடை மெஷினைத் திரும்பியும் பார்க்காமல், தையல் மாஸ்டர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும் உங்களைத் தூக்கி வைக்கப் போறதில்லை. நீங்களே ஏறி நின்னா போதும்," என்றாள் மனைவி.

"எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே நல்ல உடம்புக்காரங்க. எங்கப்பா நடந்து வந்தா தெருவே ஒதுங்கி நிக்கும்."

"ஒதுங்காம என்ன பண்ணும்? மத்தவங்களுக்கு இடம் வேணுமே."

ஆறு மாதம் முன்பு இதே இடத்தில் எடை தொண்ணூற்றிரண்டு. ரத்த அழுத்தம் நூற்று ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. "பத்து கிலோ இறக்குங்க, பிரஷரும் கூடவே இறங்கும். இல்லேன்னா மாத்திரைதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாஸ்டரின் அண்ணனும் தையல்காரர்தான். அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் ஒருநாள் வலது கை விழுந்துவிட்டது. அதன்பிறகு அவர் கத்தரியைத் தொடவில்லை.

"தினமும் நடக்கறேன். உப்பைக் குறைச்சுட்டே, சோத்தைப் பாதியாக்கிட்டே. என்ன பிரயோஜனம்? இன்னிக்கும் பேண்ட் பட்டனைப் போட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கு."

"அப்போ நாளையிலேர்ந்து இன்னும் ரெண்டு தெரு சேர்த்து நடங்க." அவள் எதிர்ச் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். "கொஞ்சம் தளர்வா வேற பேண்ட் தைச்சுக்கலாமே, மாஸ்டர்?"

"நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் அளவு சொன்னவன் நான். என் இடுப்புக்கு நானே அளவைக் கூட்டிக்கிட்டா கடையில என்ன மரியாதை இருக்கும்?"

பெயரைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே மெஷினில் ஏறி நின்றார்.

"எண்பத்தொண்ணு," என்றாள் நர்ஸ்.

"மெஷின் சரியா இருக்கான்னு பாருங்கம்மா."

உள்ளே, டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். மாஸ்டர் தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று மெல்ல இறங்கியது. மனைவி கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள்.

"நூத்தி முப்பது, எண்பத்திரண்டு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்," என்றார் டாக்டர். "பதினோரு கிலோ குறைச்சிருக்கீங்க. மூணாவது மாசமே பலபேர் நடையை விட்டுடுவாங்க. நீங்க எப்படி விடலை?"

"எங்கே விட முடிஞ்சுது? பேண்ட் விடலையே."

மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

படியிறங்கும்போதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் படியில் மாஸ்டர் நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"தையலை முடிக்கிற இடத்துல முன்னும் பின்னுமா ரெண்டு தடவை ஓட்டணும். நான் கடைக்குப் போனப்புறம் மாசாமாசம் என் பேண்ட் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுத் தைக்கறியே, போன மாசம் நீ போட்டது பிரிஞ்சு போச்சு."

அவள் சட்டென்று அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"நான்தான் மறுபடி தைச்சேன். நீ பிடிச்சதைவிட அரை அங்குலம் கூடவே பிடிச்சு."