பட்டியலில் இல்லாத கட்டளை

"ஒரு மெஷினுக்கு இருபத்துநாலு தடவை! எதுக்குன்னு நீயே போய்க் கேளு."

சீஃப் காகிதத்தை மேஜைமேல் விசிறிப் போட்டார். சர்வர்களைச் சோதித்து அனுப்பும் அந்த ஹாலில் அவர் வைத்ததுதான் சட்டம். அவள் தரச் சரிபார்ப்புக்குப் புதிதாக வந்தவள்.

காகிதத்தில் இருந்தது கருந்திரையின் கைவரிசை. நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற டெஸ்டருக்கு அதுதான் அங்கே பெயர். மெஷினின் பின்பக்கத்தில் கேபிள் செருகும் இருபத்துநாலு போர்ட்டில் ஒவ்வொன்றையும் சோதிக்கும் முன்னால், பட்டியலில் இல்லாத ஒரு கட்டளை. ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி தண்டம்.

"வேலையை இழுத்தடிக்கிறான்மா. வெள்ளிக்கிழமை அவன் ஒப்பந்தம் முடியுது. நீ எழுதுறதை வெச்சுத்தான் இருக்கானா, போறானான்னு முடிவு."

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். புரியாததைப் புரியாமலே விட்டால் தூக்கம் வராது. அந்தக் கட்டளையைத் தானே தட்டிப் பார்த்தாள். அது எதையும் சோதிக்கவில்லை. போர்ட்டின் பக்கத்தில் இருக்கும் குட்டி விளக்கு இருபது வினாடி மினுக்கியது, அவ்வளவுதான்.

நேரே கருந்திரையிடம் போனாள்.

"அண்ணா, எதுக்கு அந்த லைட்டை மினுக்குறீங்க?"

"எரியுதான்னு பார்க்கத்தான்மா."

"தினமுமா?"

"லைட்டாச்சே, எப்ப வேணா போகலாம்."

"உங்க வேலையே போகப் போகுதுண்ணா. உண்மையைச் சொல்லுங்க."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "நாளைக்குப் பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கப் போறேன். இப்ப போய் வேலை போனா கஷ்டம்தான்" என்றார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

மறுநாள் கருந்திரை லீவு. கீபோர்டில் அவளே உட்கார்ந்தாள். ஆளுயர ரேக்குக்குப் பின்னால், போகிற தகவலை அப்படியே திருப்பி அனுப்பும் சோதனை பிளக்கோடு சீஃப். பிளக் மாட்டுகிற வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பதிமூன்று போர்ட் நேற்றே முடிந்திருந்தது.

"அடுத்து எது?" ஃபேன் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"பதினாலு, சீஃப்!"

பட்டியலில் உள்ளதை மட்டும் தட்டினாள். அனுப்பிய தகவல் அதே போர்ட்டுக்குத் திரும்பி வந்தால் பாஸ். வரவில்லை.

"ஃபெயில், சீஃப்."

"இன்னொரு தரம் போடு!"

மறுபடியும் ஃபெயில்.

"போர்ட் செத்துப் போச்சு! அதான் மினுக்கவே இல்லை. இருபது வருஷ அனுபவம்மா, நல்ல போர்ட்டுன்னா என் கை கிட்ட போனதுமே கண்ணைச் சிமிட்டும். மெஷினைத் திருப்பி அனுப்பிடு!"

அவள் எழுந்து பின்பக்கம் போனாள்.

பிளக் பதினாறில் இருந்தது. சீஃப் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போர்ட்டுகளுக்கு மேலிருந்த பொடி எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா, இதைச் சொல்லாமலா வேலையை விடத் துணிஞ்சே என்று மனசுக்குள் கருந்திரையைத் திட்டினாள்.

பிளக்கை உருவி அவர் கையில் கொடுத்தாள். "துடைச்சிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க, சீஃப்."

திரும்பி வந்து அந்தக் கட்டளையைத் தட்டினாள்.

"ஆங், சிமிட்டுது, சிமிட்டுது! மாட்டிட்டேன்!"

பாஸ். அங்கிருந்து இருபத்துநாலு வரை ஒன்று விடாமல் பாஸ்.

சீஃப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பார்த்தியா? அவன் இல்லாமலே வேலை எவ்வளவு சுத்தமா நடக்குது!"

"அவரோட கட்டளையைப் போட்டுத்தான் நடந்துச்சு, சீஃப். போடாத ரெண்டு தடவையும் ஃபெயில்."

"அப்படியா?" மோவாயைச் சொறிந்தார். "அப்போ அதையும் பட்டியல்ல சேர்த்துடு. அவனும் இருந்துட்டுப் போகட்டும்."

மனசு மாறுவதற்குள் கருந்திரையின் புது ஒப்பந்தத்தை நீட்டினாள். சீஃப் அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பேனா காகிதத்தின் மேல் இடம் தெரியாமல் அலைந்தது.

"கையெழுத்து எங்கே?"

அவள் அந்த இடத்தில் விரல் நுனியால் இரண்டு முறை தட்டினாள்.