சாக்லேட் இறுகும் வரை

“முகத்தச் சுளிக்காம இத மென்னு முழுங்கறவங்கதான் பெரிய ஆளு” என்று சவால் விட்டுவிட்டு, சாக்லேட் டீச்சர் ஆளுக்கொரு வறுத்த கோகோ கொட்டையை உள்ளங்கையில் வைத்தாள்.

சின்னவன் ஒரே கடியில் துப்பிவிட்டான்.

பெரியவள் பாதியைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடித் திறந்து, மீதியை நீட்டினாள்.

“அம்மா, நீங்க சாப்பிட்டுப் பாருங்களேன்.”

பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த அவள், தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

கல்யாணமாகி ஐந்து மாதம். இந்த வாயிலிருந்து ஆன்ட்டி தவிர வேறு பேச்சு வந்ததில்லை. அவள் கொட்டையை வாங்கி வாயில் போட்டு மென்றாள். என்ன ருசி என்றே நாக்குக்குத் தெரியவில்லை.

“நல்லாத்தானே இருக்கு!”

“அம்மா கெட்டிக்காரங்கதான்” என்றாள் டீச்சர். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இதற்காகத்தான் வந்தது. லீவுக்கு வெளியூர் போகலாம் என்றது இவள். தேடித் தேடி இந்தச் சாக்லேட் வகுப்பைப் பிடித்ததும் இவள். அவர் மீட்டிங் இருக்கிறதென்று லேப்டாப்போடு ஹோட்டல் அறையிலேயே தங்கிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். அவர் இருந்தால் பிள்ளைகள் இரண்டும் அவர் கையை விட்டு நகராது.

பெற்றவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு ஊரில் இருந்தாள். “அவள அதுங்க மறந்தே போச்சு. பேச்சே எடுக்கறதில்ல” என்று அவர் சொல்லியிருந்தார். உண்மைதான். எடுத்ததில்லை. ஆனால் இவளோடும் பேச்சென்று எதுவும் இல்லை. கேட்டால் பதில், கொடுத்தால் தேங்க்ஸ். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல. முரண்டு பிடித்தாலாவது கெஞ்சிக் கொஞ்சிப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லை.

இன்றைக்கு என்னவோ மடை திறந்துகொண்டது.

உருக்கிய சாக்லேட்டைக் குளிர்ந்த கல் பலகைமேல் ஊற்றி, தட்டைக் கரண்டியால் இழுத்து இழுத்து ஆற வைக்க வேண்டும்.

“அம்மா, ஓரத்துல வழியுது!”

“அம்மா, என் ஏப்ரன் அவுந்துடுச்சு, கட்டிவிடுங்க.”

கட்டிவிட்டாள். நன்றாகக் கட்டிய முடிச்சை, சரியில்லை என்று சொல்லி அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினாள். கால் தரையில் பாவவில்லை.

சின்னவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அக்காக்காரி அவ்வப்போது அவனை முழங்கையால் இடித்தாள். இடிபட்டதும் நிமிர்ந்து இவளைப் பார்ப்பான். உதடு பிரியும். உடனே குனிந்து கரண்டியை உருட்ட ஆரம்பித்துவிடுவான். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சுகளில் ஊற்றி, காற்றுக்குமிழ் போக மேஜையில் தட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று.

“இறுகட்டும். அதுக்குள்ள போய் மூஞ்சி கை கழுவிட்டு வாங்க, குரங்குகளா” என்றாள் டீச்சர். இரண்டும் ஓடின.

இவள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு தடவ சொல்லுடா. நான் காலைலேர்ந்து சொல்லிட்டுதானே இருக்கேன்?”

“வரமாட்டேங்குது அக்கா.”

“ரெண்டு பேரும் அவங்கள அப்படிக் கூப்பிட்டாத்தான் அம்மாகிட்ட அனுப்புவேன்னு அப்பா சொன்னாரா இல்லையா? லீவே முடியப் போகுதுடா, மக்கு. இந்தா, பலகையில ஒட்டியிருந்த சாக்லேட்டு, இத வாயில போட்டுக்கிட்டு சொல்லு. ஈசியா வரும்.”

சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

“இப்பவும் வரல அக்கா. துப்பிடட்டுமா?”

அவள் உள்ளே போகவில்லை. துண்டைத் தட்டியின்மேல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது நினைவுக்கு வந்து, காது மடலெல்லாம் சுட்டது.

அச்சுகள் வெளியே வந்தன. கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டியதும் பளபளவென்று உதிர்ந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார்.

“என்ன, இன்னிக்குப் பிள்ளைங்க உன்ன எப்படிக் கூப்பிட்டாங்க?”

பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பவனுக்கு வருமே, அந்தச் சிரிப்பு குரலில்.

மேஜைக்கு எதிர்ப்புறம் சின்னவனின் கை அப்படியே நின்றது. போனில் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயைச் சுற்றிலும் சாக்லேட்டோடு, பெயிலா பாஸா என்று கேட்கிற முகத்தோடு இவளையே பார்த்தான்.

“அம்மான்னுதான்” என்றாள். “ரெண்டு பேருமேதான்.”

அவர் பெரிதாகச் சிரித்தார்.

“அதனால, சொன்ன பேச்ச மாத்தாம அவங்கள அவங்க அம்மாகிட்ட அனுப்பி வச்சிடுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. இவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

சின்னவன் அக்காவின் காதோரம் போனான். ரகசியம் பேசத் தெரியாத பிள்ளை. அறை முழுக்கக் கேட்டது.

“அக்கா, அப்ப நான் சொல்ல வேணாமா?”

“வேணாம்டா.”

அப்பாடா என்று மூச்சு விட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இந்த ஐந்து மாதத்தில் இவளைப் பார்த்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. பல்லெல்லாம் கறுப்பு.

பெரியவள் உடையாத, மூளி இல்லாத துண்டுகளாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள். ரிப்பன் கட்டினாள். சரியாக வரவில்லையென்று அவிழ்த்துத் தானே திரும்பக் கட்டினாள். பிறகு இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு இவளிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, இத நீங்க பிடிச்சுக்கிட்டு வரீங்களா? எங்க கையில இருந்தா உடைஞ்சிடும். அம்மாவுக்கு.”