ஃப்ரீசருக்கு வைத்திருந்த டீசல்

"யாருக்குய்யா வித்த?"

ஆய்வு மாணவன் முஹன்னத், ஜாசிமின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

ஜாசிம், மோசுல் நகரத்து ஆய்வகம் ஒன்றில் ஜெனரேட்டர் பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஊரில் கரண்ட் இல்லை. சனிக்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தால், ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஈரம். ஜெனரேட்டர் ஓடவே இல்லை. அதற்கென்று வைத்திருந்த இரண்டு கேன் டீசலும் காணோம்.

"உள்ள என்ன இருந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் தம்பி."

அந்த ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் நிஸார் ஏழு வருடமாக ஒரே வேலையாக இருந்தார். பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைச் சேர்த்து, அதை இன்சுலின் சுரக்க வைக்க வேண்டும். மரபணுவை வெட்டி ஒட்டும் நொதிகள்தான் அந்த ஃப்ரீசரில் இருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் அதையெல்லாம் விலைக்கு வாங்க முடியாது. அம்மான் நகரத்திலிருந்து ஒரு நண்பர் தெர்மாஸில் ஐஸ் போட்டு, எல்லையில் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தது. சூடேறிவிட்டால் எதற்கும் உதவாது.

நிஸார் உள்ளே வந்தார். ஒரு குப்பியை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீசல் எங்க ஜாசிம்?"

"கொடுத்துட்டேன் உஸ்தாத்."

"கேட்டீங்களா உஸ்தாத்! ஊரே டீசலுக்கு அலையுது, இவரு சும்மா தூக்கிக் கொடுத்தாராம்!" என்றான் முஹன்னத்.

ஜாசிம் தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளைங்க முகத்தைப் பார்த்தேன். மனசு கேக்கல."

நிஸாருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"வீட்ல பசின்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? என் தட்டுல இருக்கிற ரொட்டியைப் பிச்சுக் கொடுத்திருப்பேனே!"

"அதில்ல உஸ்தாத், என் பிள்ளைங்க இல்ல..."

"பேசாத! என் மக இன்சுலின் கிடைக்காமத்தான் போனா. இன்னொரு வீட்ல அது நடக்கக் கூடாதுன்னு நான் உயிரை விடறேன். நீ ரெண்டு கேன் டீசலுக்கு அத்தனையையும் கொன்னுட்ட!"

ஜாசிம் அணைந்து கிடந்த ஃப்ரீசரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலைநீக்கக் கடிதத்தில் நிஸார் கையெழுத்துப் போட்டார். ஜாசிம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நெஞ்சில் கைவைத்து வணங்கிவிட்டு வெளியேறினார்.

மதியம் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து இப்திசாம் என்ற நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். கையில் இரண்டு காலி கேன்கள்.

"உஸ்தாத் நிஸார் நீங்கதானே? நேத்து எங்க ஜெனரேட்டர் டீசல் இல்லாம நின்னுடுச்சு. வார்டுல இருக்கிற அத்தனை சர்க்கரைக் குழந்தைங்களுக்குமான இன்சுலினும் ஒரே ஃப்ரிட்ஜுல இருந்துது. இந்த வெயில்ல ஒண்ணுகூடத் தேறியிருக்காது."

நிஸார் மெல்ல எழுந்தார்.

"நல்ல நேரத்துல டீசல் அனுப்பி வச்சீங்க. அந்தப் பெரியவர் சுமந்துட்டு வந்து இறக்கினாரு. பேரு கேட்டா சொல்லல. 'எங்க உஸ்தாத் நிஸார்தான் கொடுத்தனுப்பினாரு'ன்னு மட்டும் சொன்னாரு. எல்லாத் தாய்மாரும் உங்களுக்காகத்தான் துவா கேக்கறாங்க."