சத்தியம் பண்ணிய தலை

"துரையோட ஆகாயக் கப்பல்ல ஏறமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்று புருஷனிடம் சொன்னாள் சீதாலெட்சுமி.

கிள்ளான் ஊரில் துணிக்கடை வைத்திருந்த நாகையா எதையும் சும்மா கொடுத்துப் பழகாதவன். பதிலுக்கு அவளையும் தன் தலையில் அடித்து அதே சத்தியம் பண்ணவைத்தான்.

ஆனால் தோட்டத் துரை தம் சொந்த விமானத்தில் ஊர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுவதைப் பார்த்ததும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஏறிவிட்டான்.

பக்கத்து ஊரான பண்டமாரானுக்கு மேலே எஞ்சின் இருமியது. பிறகு நின்றே போனது. விமானம் தென்னைகளை உரசிக்கொண்டு போய்ச் சேற்றில் குத்தியது.

"எஞ்சின் கோளாறு, நாகையா! உனக்கு அடி பட்டுச்சா?" என்றார் துரை, ரத்தம் வழியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு ஒண்ணுமில்ல, துரை. என் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சோ!"

இவனுக்குத் தலையில்தான் பலத்த அடி என்று துரை முடிவுகட்டினார்.

பொய்ச் சத்தியம், பண்ணியவனை விட்டுவிட்டு, யார் தலையில் அடித்தானோ அந்தத் தலையை அல்லவா வாங்கும்? ரிக்‌ஷாக்காரனை விரட்டு விரட்டென்று விரட்டி வீடு வந்து சேர்ந்தான். சீதாலெட்சுமி வாசலில் முழுசாக நின்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? தலை கிலை வலிக்குதா?" என்று பதறி, விமானம் விழுந்த கதையையும் உளறிக் கொட்டினான்.

அவள் திட்டவில்லை. பொத்தென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எஞ்சின்மேல பழி போடாதீங்க! நேத்து நானும் அந்தக் கப்பல்ல ஏறிட்டேனே!"

நாகையா மெல்லத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.