இருபத்தொரு வட்டங்கள்

காலை ஏழு மணி இரண்டு நிமிடம். மெல்லிய தூறல், காற்று இல்லை.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியில், அன்றைய கட்டத்துக்குள் ஒரு வட்டம் வரைந்தேன். வட்டம் என்றால் நல்ல நாள். பெருக்கல் குறி என்றால் கெட்ட நாள்.

எனக்கல்ல, எங்கள் நாய்க்கு. வயது பதினைந்து. முகவாய் நரைத்ததிலிருந்து வீட்டில் அவர் பெயர் 'பெரியவர்'. 'வாங்க, போங்க' என்ற மரியாதையும் அன்று தொடங்கியதுதான்.

"இன்னிக்கும் வட்டமா?" என்றார் கணவர்.

"இருபத்தொண்ணாவது. தொடர்ச்சியா."

"போதும்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு அனுப்பிடலாம். என்னால பார்க்க முடியல."

"உங்களுக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல கல்லுதான் இருக்கு."

அவர் செய்தித்தாளைப் பிரித்தார். கல் எங்காவது பேசுமா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கைகளுக்குக் கையெழுத்திடுபவள். மாதிரி எடுத்த நேரத்தை எழுத மறந்திருந்தால் பாட்டிலையே திருப்பி அனுப்பிவிடுவேன். கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் என் பெயர் 'தசமப்புள்ளி'. அது எனக்குத் தெரியும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஆகவே, நான்கு வாரங்களுக்கு முன் கால்நடை டாக்டரம்மா, "ஒரு மாசம் குறிச்சு வைங்க. கெட்ட நாள் அதிகமாச்சுன்னா கூட்டிட்டு வந்துடுங்க" என்று சொன்னபோது, அதற்கு முறையாக விதிகள் வகுத்து, நாட்காட்டியின் ஓரத்திலேயே எழுதி வைத்தேன். நேரம், காலை ஏழு. விரிப்பு உலர்ந்திருக்க வேண்டும். தட்டு காலியாக இருக்க வேண்டும். வாசலில் நான்கு காலில் நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் பெருக்கல்.

முதல் வாரம் ஏழும் பெருக்கல். அதன் பிறகு எல்லாமே வட்டம்!

"நாட்காட்டியைக் கழட்டிப் பையில வை. டாக்டரே பார்த்துச் சொல்லட்டும்," என்றார் கணவர்.

"தாராளமா. பதிவேடு பொய் சொல்லாது."

கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மகளும் வந்தாள். பெரியவரைக் கணவர் கைக்குழந்தைபோல் தூக்கிவந்து கால்நடை ஆஸ்பத்திரி மேஜையில் கிடத்தினார்.

டாக்டர் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். பிறகு நாட்காட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்," என்றேன், பரிசு வாங்க எழுந்து நிற்கும் மாணவியைப் போல.

"இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லீங்க. சிறுநீரை அடக்கவே முடியாது. விரிப்பு எப்படிக் காஞ்சு இருந்துச்சு?"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சு மணிக்கே நான் மாத்தித் துவைச்சுப் போட்டுடுவேன்."

"எதுக்குங்க?" என்று அதிர்ந்தேன்.

"முதல் வாரம் பெருக்கல் போடறப்ப, பேனாவ ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்த. அதான்."

டாக்டர் விடவில்லை. "வாயெல்லாம் புண். மெல்லவே முடியாது. தட்டு மட்டும் எப்படிக் காலியாச்சு?"

"இவர் கஞ்சி மட்டும்தான் நக்குவார். தட்டைக் காலி பண்றது பக்கத்து வீட்டுப் பூனை," என்றாள் மகள் தரையைப் பார்த்தபடி. "அம்மாகிட்ட சொல்லிடாதேன்னு அதுகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

அந்தப் பூனை வரவர உருண்டையாகிக்கொண்டே போவதைக் கண்டு, அதன் உணவைக் குறைக்கும்படி அந்த வீட்டில் புத்தி சொல்லிவிட்டு வந்தவள் நான்.

எனக்கு நியாயமான கோபம் வந்தது. "அப்பாவும் பொண்ணுமா சேர்ந்து மாதிரியிலேயே கலப்படம் பண்ணியிருக்கீங்க! நான் ஒருத்தி நேர்மையா குறிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க கூடத்துல இப்படிச் செஞ்சா—"

"ஒரு நிமிஷம்மா," என்றார் டாக்டர். "நாலு காலில் நின்னதுன்னு போட்டிருக்கீங்களே. அது?"

இப்போது இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார்.

என் இடது கை தானாகவே பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"வயித்துக்கு அடியில கை கொடுத்துத் தூக்கிப் பிடிச்சுப்பேன்," என்றேன். "வட்டம், வலது கையாலதானே போடறது."



டாக்டர் நாட்காட்டியை மடித்து என்னிடம் தந்தார். "மூணு பேருமா ஒருத்தருக்கொருத்தர் இருபத்தோரு நல்ல நாள் கொடுத்திருக்கீங்க. இவருக்குத்தான் ஒண்ணுகூட யாரும் கொடுக்கல."

கணவரைப் பார்த்தேன். காலையில் அத்தனை உறுதியாகப் பேசியவர் இப்போது பெரியவரின் முதுகையே தடவிக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னிக்கே, டாக்டர்."

பதினொன்றே கால். தூறல் நின்றிருந்தது. பெரியவரின் தலை கணவரின் மடியில் இருந்தது. மகள் அவர் காதை நீவிக்கொண்டிருந்தாள். என் இடது கை இம்முறை வயிற்றுக்கு அடியில் இல்லை, மேலே இருந்தது. மூச்சு சீராகி, மெதுவாகி, நின்றது. முனகல் இல்லாமல் அவர் உறங்கியதைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கணவர் எழுந்து, நனையாத விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பூனை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் ஏழு மணிக்கு நாட்காட்டியின் முன் நின்றேன். எங்கள் கூடத்தில் தவறான பதிவை அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, கையெழுத்திட வேண்டும். வட்டத்தின்மேல் கோடு, பெருக்கல், கையெழுத்து. இருபது முறை.

மகள் பின்னால் வந்து நின்று எண்ணிப் பார்த்தாள்.

"அம்மா, நேத்து போட்ட வட்டத்தை அடிக்காம விட்டுட்டியே."

"விட்டுடல," என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன்.